கதையில் 31 சிவப்பு வட்டம்: எதை ஏற்பது, எதை மறுப்பது?

சுவர்க்கோடு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 3 வருஷமாகச் சிறுகதை எழுதுகிறேன். எழுதி எழுதி மேசைக்குள் வைத்துக்கொண்டிருந்தவள், போன மாதம்தான் துணிந்து ஒரு கதையை ஓர் இதழுக்கு அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. 4 பக்கம், 31 சிவப்பு வட்டம். கதையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. கடைசிப் பக்கத்தின் அடியில் இலக்கணப் பிழைகளைத் திருத்திக்கொண்டு எழுதச் சொல்லி ஒரு வரி, அவ்வளவுதான்.

2 நாள் அந்தத் தாளைத் தொடவே மனசு வரவில்லை. அப்புறம் எடுத்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தேன். கதையின் தொடக்கம் இது. நான் எழுதியபடியே தருகிறேன்:

“கதவை திறந்து பூனை உள்ளே ஓடியது. அண்ணன் வாசலிலேயே நின்றார். அவர் கண்கள் கலங்கியது. பெட்டியை கீழே வைத்துவிட்டு சுவற்றில் சாய்ந்தான். ‘நாங்க சின்ன வயசுல இந்தச் சுவத்துலதான் உயரம் அளப்போம்’ என்றான்.”

இந்த 5 வரியில் மட்டும் 7 வட்டம். ஒற்று விட்ட இடம் 3. பிறகு ‘கலங்கியது’, ‘சுவற்றில்’, ‘சாய்ந்தான்’. கடைசியாக ‘நாங்க’. முதல் ஆறும் என் கவனக்குறைவு என்றே வைத்துக்கொள்கிறேன். ஏழாவதுதான் தூங்கவிடவில்லை. ‘நாங்க’வை அடித்துவிட்டு மேலே ‘நாம’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கதையைச் சொல்கிற தங்கை அந்த வீட்டின் கடைக்குட்டி. அவளுக்கும் அண்ணனுக்கும் நடுவில் இன்னொருவன் இருந்தான். அவள் பிறக்கும் முன்பே இறந்துபோனவன். சுவரில் 2 வரிசைக் கோடு இருக்கிறது, அவளுடைய கோடு இல்லை. அவள் எழுந்து நிற்கிற வயசுக்கு வந்தபோது அந்த வீட்டில் யாரும் யாரையும் அளக்கவில்லை. அண்ணன் அவளிடம் ‘நாங்க’ என்கிறானே, அந்த ஒரு சொல்லில்தான் என் கதையே இருக்கிறது. அதை ‘நாம’ ஆக்கினால் அவளும் கூட நின்று அளந்ததாக ஆகிவிடும். நடுவில் இருந்தவன் கதையை விட்டே போய்விடுவான்.

அதனால் கேட்கிறேன். கதை எழுதுகிறவருக்கு இலக்கணம் எவ்வளவு தூரம் வேண்டும்? எழுதும்போது ஒற்றைப் பற்றி நினைத்தால் கை நின்றுவிடுகிறது. நினைக்காமல் எழுதினால் இப்படித் திரும்பி வருகிறது.

இரவு வாசகி:

நான் எழுதுகிறவள் இல்லை. தினமும் படுக்கும் முன் போனில் 2 அத்தியாயமாவது படிக்கிறவள். ஒற்று விட்டுப்போனால் எனக்குத் தெரிவதே இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் ஒரு எழுத்து மாறினால் நான் வேறு கதையைப் படித்துக்கொண்டிருப்பேன். ஒரு துப்பறியும் தொடரில், பிணம் கிடந்த அறையில் ‘மேசை விரிப்பில் சிவப்புக் கரை’ என்று இருந்தது. விரிப்புக்கு ஓரத்தில் சிவப்பு பார்டர் போலிருக்கிறது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். பல அத்தியாயம் கழித்துத் துப்பறிகிறவர் அந்த விரிப்பைப் பற்றிப் பேசும்போதுதான் அது கறை, ரத்தக் கறை என்று புரிந்தது. எழுதியவர் கண் முன்னாலேயே வைத்த தடயத்தை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு கதையில் ‘அறை முழுவதும் ஒலி பரவியது’. ஏதோ சத்தம் கேட்கப்போகிறது என்று காத்திருந்தேன். விளக்கைத்தான் ஏற்றியிருக்கிறாள்! கரையும் சரியான சொல், கறையும் சரியான சொல். தப்பு என்று கண்ணுக்குத் தோன்றாது. அதனால்தான் கோபம் வருகிறது.

உங்கள் ‘நாங்க’வை, மன்னிக்க வேண்டும், நானும் தவறு என்றுதான் நினைத்தேன். நீங்கள் விளக்கிய பிறகு திரும்பப் படித்தால் நெஞ்சை என்னவோ செய்கிறது.

மெய்ப்புத்துணை:

தங்கச்சி, நான் 17 வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவள். பெரும்பாலும் சிறுகதைத் தொகுப்பும் நாவலும். கதையைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் வட்டம் மட்டும் போட்டு அனுப்பியது சரியில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டத்துக்கு வருவோம்.

ஒற்றுக்குப் பயப்படாதீர்கள். அது காதுக்குரிய விஷயம். ‘அந்தப் பையன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், ‘ப்’ தானாக விழும். ‘வந்த பையன்’ என்று சொல்லுங்கள், விழாது. ‘ஐ’, ‘கு’ உருபு வெளிப்படையாக வருகிற இடம் (பெட்டியைக் கீழே, அவளுக்குக் கொடுத்தான்), ‘அந்த, இந்த, எந்த’ வருகிற இடம், ‘ஓடிப் போனான்’ போல இகரத்தில் முடிகிற எச்சம், ‘வைத்துவிட்டுச் சாய்ந்தான்’ போல வல்லின ஒற்றுக்குப் பிறகு உகரம் வந்து முடிகிற எச்சம். இந்த 4 இடம் பழகிவிட்டால் கதைப் பிரதிகளில் நான் போடுகிற ஒற்றுத் திருத்தத்தில் முக்கால்வாசி குறைந்துவிடும். எழுதும்போது பழக வேண்டாம். எழுதி முடித்து, ஒரு நாள் ஆறப்போட்டு, சத்தமாகப் படிக்கும்போது பழகுங்கள். எப்போதாவது ஓர் ஒற்று பொருளையே மாற்றும். ஒரு போர்க்கதையில், ஆயுதத்தைத் தவறவிட்ட வீரன் ‘இருட்டில் வேலை தேடினான்’ என்று இருந்தது. ‘வேலைத் தேடினான்’ என்றால்தான் அவன் தேடியது வேல்.

‘சுவற்றில்’ வேண்டாம். கிணறு, வயிறு, ஆறு என்று ‘று’வில் முடிவதுதான் கிணற்றில், வயிற்றில், ஆற்றில் ஆகும். சுவர் ‘சுவரில்’தான். ஆனால் அண்ணன் வாயில் வருகிற ‘சுவத்துல’வைத் தொடாதீர்கள், அவன் அப்படித்தான் பேசுவான். கதை சொல்கிறவளின் எழுத்து வேறு, அண்ணனின் நாக்கு வேறு.

‘கண்கள் கலங்கியது’ நான் வாரத்துக்கு 10 முறை பார்க்கிற பிழை. கண்கள் என்றால் கலங்கின. ஆனால் ‘கலங்கின’ உங்கள் நடைக்குக் கொஞ்சம் விறைப்பாகப் படலாம். அப்படியானால் வினையை விட்டுவிட்டு ‘கள்’ளை எடுத்துவிடுங்கள். கண் கலங்கியது, கை நடுங்கியது, கால் தள்ளாடியது. ஒருவருக்கு 2 கண் என்று தெரியாதவர் யார்? ‘கள்’ இல்லாத அஃறிணைப் பெயர் ஒருமைக்கும் பன்மைக்கும் பொது என்று இலக்கணமே இடம் கொடுக்கிறது.

இப்போது, வட்டமே விழாத இடத்துக்கு வாருங்கள். முதல் வரி. ‘கதவைத் திறந்து பூனை உள்ளே ஓடியது.’ ஒற்றை மட்டும் பார்த்தவர் ‘த்’ போட்டுவிட்டுப் போய்விட்டார். இந்த வரியில் கதவைத் திறந்தது யார்? பூனை! ‘திறந்து’ என்ற எச்சம் தன் எழுவாயையே கொண்டு முடியும். திறந்தவர் ஒருவர், ஓடியது இன்னொன்று என்றால் ‘திறக்க’, ‘திறந்ததும்’ என்று வர வேண்டும். ‘நான் கதவைத் திறக்க, பூனை உள்ளே ஓடியது.’ இப்போது உங்கள் தங்கை வாசலுக்கு வந்துவிட்டாள். கதையின் முதல் வரியில் அவளே இல்லாமல் இருந்தாள் பாருங்கள். ஒற்றுப் பிழையைவிட 10 மடங்கு எனக்கு இதுதான் முக்கியம்.

அடுத்தது ‘நின்றார்’, ‘சாய்ந்தான்’. இதைப் பிழை என்று நான் வட்டம் போட மாட்டேன். பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு உங்களிடம் கேட்பேன். காரணம் இருக்கிறது.

11 வருஷத்துக்கு முன்னால் ஒரு தொகுப்பு பார்த்தேன். அதில் ஒரு கதையை மகள் சொல்கிறாள். அப்பா வந்தார், அப்பா சிரித்தார், அப்பா சொன்னார் என்று கதை நெடுக மரியாதை. ஒரே ஓர் இடத்தில் ‘அப்பா பொய் சொன்னான்’ என்று இருந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்து, யாரிடமும் கேட்காமல் ‘சொன்னார்’ ஆக்கினேன். அச்சாகி வந்துவிட்டது. எழுதியவர் போன் செய்தார். திட்டவில்லை. அந்த ஒரு ‘ன்’னுக்காகத்தான் அம்மா 14 பக்கம் எழுதினேன் என்று மட்டும் சொன்னார். என்னிடம் இருக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தைப் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன். மற்ற பிரதிகளில் என் ‘ர்’தான் இருக்கிறது.

இலக்கணம் தெரியாததால் நான் அதைச் செய்யவில்லை, பாதி தெரிந்ததால் செய்தேன். திணை, பால், காலம் என்று எதில் மயங்கினால் வழு என்று சொல்கிற நன்னூலே, எப்போது மயங்கலாம் என்றும் சொல்கிறது. ‘உவப்பினும் உயர்வினும் சிறப்பினும் செறலினும் இழிப்பினும் பால்திணை இழுக்கினும் இயல்பே.’ மகிழ்ச்சியில், கோபத்தில், இகழ்ச்சியில் மனிதர் வாயில் திணையும் பாலும் மாறும், அது இயல்பு. பசுவை ‘என் அம்மா வந்தாள்’ என்று சொல்கிறவரை அது திருத்துவதில்லை. வழுவமைதி என்று பெயர் வைத்து ஏற்றுக்கொள்கிறது. காலத்துக்கும் அப்படித்தான். உள்ளே இருந்துகொண்டு ‘இதோ வந்துட்டேன்’ என்கிறோமே, வரவே இல்லை, விரைவினால் இறந்தகாலம் வந்துவிட்டது. அதுவும் அமைதிதான். ஏறக்குறைய 800 வருஷத்துக்கு முன் எழுதிய இலக்கண நூல் கோபத்தில் ‘ர்’ ‘ன்’ ஆவதற்கு இடம் விட்டிருக்கிறது. நான் விடவில்லை.

அதனால் கேட்கிறேன்: வாசலில் நின்றவர் ‘நின்றார்’, சுவரில் சாய்ந்தவன் ‘சாய்ந்தான்’. தெரிந்து எழுதினீர்களா?

‘நாங்க’ சரி. மாற்றாதீர்கள். ஆனால் திருத்தியவர் பக்கமும் கொஞ்சம் நின்று பாருங்கள். 4 வரியில் 6 இடம் சறுக்கியதைப் பார்த்துவிட்டு ஐந்தாவது வரிக்கு வருகிறார். ‘நாங்க’வும் சறுக்கல்தான் என்று அவர் நினைத்ததில் வியப்பு இல்லை. இரவு வாசகியும் அப்படித்தானே படித்திருக்கிறார். மற்ற ஆறும் சுத்தமாக இருந்திருந்தால், ‘நாங்க’ வந்த இடத்தில் ரெண்டு பேரும் நின்றிருப்பார்கள். ஏன் ‘நாம’ இல்லை என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்வி வாசகருக்கு வர வேண்டும் என்பதற்காகத்தான் மற்ற இடத்தில் இலக்கணம் வேண்டும் என்கிறேன்.

நடந்துபோகிறவன்:

2 நாவல் எழுதியவன் என்ற முறையில் அக்கா சொன்னதில் கொஞ்சம் ஏற்கிறேன், கொஞ்சம் மறுக்கிறேன்.

‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று காலங்காலமாகச் சொல்கிறோம். பெய்தது மழை, நிறைந்தது குளம். எழுவாய் வேறுவேறுதானே? அதை எச்சத்திரிபு என்று இலக்கணம் ஏற்கிறது. அப்படியிருக்கப் பூனையை மட்டும் ஏன் வாசலில் நிறுத்துகிறீர்கள்?

அப்புறம், ‘பதட்டம்’ தவறு, ‘பதற்றம்’தான் சரி என்று ஒவ்வொரு பிரதியிலும் எனக்குத் திருத்தி வருகிறது. பேசுகிற அத்தனை பேரும் பதட்டம் என்கிறார்கள். நன்னூலின் கடைசி நூற்பா, 462வது, ‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே’ என்றுதானே முடிகிறது?

ஆனால் பேச்சை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பேச்சுக்கும் இலக்கணம் உண்டு, அதுவும் கறாரானது. ‘அம்மா சொன்னாங்க, அவர்கள் வர மாட்டார்கள்னு’ என்று எழுதினால் அந்த ஆள் செத்துவிட்டான். சொன்னாங்க என்கிறவன் ‘வர மாட்டாங்க’ என்றுதான் சொல்வான். வரேன், வர்றேன், வாரேன் மூன்றும் ஒரு சொல்லின் 3 எழுத்துமுறை இல்லை, 3 ஆள். என் முதல் நாவலில் ஒரு பாத்திரம் 40ஆம் பக்கம் வரை ‘வரேன்’, அதற்குப் பிறகு ‘வர்றேன்’. யாரும் சொல்லவில்லை. நானே இரண்டாம் பதிப்புக்குப் படிக்கும்போது பார்த்தேன். அவளுக்குள் யாரோ வேறு ஒருத்தி பேசுவது போல இருந்தது. இப்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறேன். போயிட்டு என்பாளா போய்ட்டு என்பாளா, என்னங்க என்பாளா ஏங்க என்பாளா, எல்லாம் அதில் இருக்கும்.

சுவர்க்கோடு, உங்களுக்கு ஒன்று: முதல் பிரதியில் இலக்கணத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்த ‘நாங்க’ உங்களுக்குக் கிடைத்ததே கை நிற்காமல் போனதால்தான்.

மெய்ப்புத்துணை:

தம்பி, மழை பெய்ததால்தான் குளம் நிறைந்தது. காரணமும் விளைவும் ஒட்டி நிற்பதால் அந்த வாக்கியம் தாங்குகிறது. அதோடு ‘மழை’ என்ற எழுவாய் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. பூனை வரியில் திறந்தவளின் பெயரே இல்லை. படிக்கிறவர் பக்கத்தில் கிடைக்கிற உயிரைப் பிடித்துக்கொள்வார், அது பூனை.

பதட்டம் பாத்திரத்தின் வாயில் வந்தால் நான் கை வைக்க மாட்டேன். கதை சொல்கிறவர் வரியில் இன்னும் ‘பதற்றம்’தான் போடுவேன். பதறு என்ற வினை உயிரோடு இருக்கும்போது அதன் பெயரை ஏன் தொலைக்க வேண்டும்? எல்லோரும் ‘பதட்டினான்’ என்று சொல்லத் தொடங்கும் நாளில் என்னைக் கேளுங்கள்.

முதல் பிரதி பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பாத்திரத்துக்கு ஒரு தாள் என்பதை நான் என்னிடம் வருகிறவர்களுக்கும் இனிமேல் சொல்லப்போகிறேன்.

சுவர்க்கோடு:

அக்கா, உங்கள் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. 2 நாள் ஆகிவிட்டது.

‘நின்றார்’, ‘சாய்ந்தான்’ தெரிந்து எழுதியது இல்லை. கை தானாக எழுதியிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்ட பிறகு சத்தமாகப் படித்தேன், ஒரு முறை இரண்டையும் ‘ர்’ போட்டு, ஒரு முறை இரண்டையும் ‘ன்’ போட்டு. ரெண்டுமே ஒட்டவில்லை. வாசலில் நிற்பவர் 12 வருஷம் கழித்துப் பெட்டியோடு வந்த ஆள். தங்கைக்கு அவரை ‘நின்றார்’ என்றுதான் சொல்ல வரும். சுவரில் முதுகு பட்டதும் அவன் அந்த வீட்டுப் பையன். இப்போது தெரிந்தே வைக்கிறேன். தற்செயல் என்று யாரும் நினைக்காமல் இருக்க, அதற்குப் பிறகு கதை முழுக்க ‘அவன்’ என்றே கொண்டுபோய், அவன் பெட்டியைத் தூக்கும்போது மட்டும் திரும்ப ‘அவர்’ ஆக்கியிருக்கிறேன்.

‘நாங்க’ தனியாக நின்றதுதான் என் குறை என்று புரிந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் எழுதாமல், அண்ணனின் கையை மட்டும் நகர்த்தினேன். இப்போது இப்படி இருக்கிறது:

“நான் கதவைத் திறக்க, பூனை உள்ளே ஓடியது. அண்ணன் வாசலிலேயே நின்றார். கண் கலங்கியிருந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். ‘நாங்க சின்ன வயசுல இந்தச் சுவத்துலதான் உயரம் அளப்போம்’ என்றான். கோடு இரண்டு வரிசையாக இருந்தது. அவன் கை தன் வரிசையின் மேல் இல்லை. பக்கத்து வரிசையில், அதற்கு மேல் கோடே இல்லாத கடைசிக் கோட்டில் இருந்தது.”

இரவு வாசகி, இதைப் படித்துவிட்டு ‘நாங்க’வில் நின்றீர்களா என்று சொல்லுங்கள். நடந்துபோகிறவன் அண்ணா, அண்ணனுக்கு ஒரு தாள் போட்டுவிட்டேன். அவன் ‘சுவத்துல’ என்பான், ‘செவுத்துல’ என்று சொல்ல மாட்டான்.

இன்னும் 24 வட்டம் பாக்கி இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ‘ஒவ்வொரு கோடுகளும்’ என்பதைச் சுற்றியிருக்கிறார்கள். அது ‘ஒவ்வொரு கோடும்’ என்றுதானே வர வேண்டும், அக்கா?